ரெண்டரையா மூணா? 16,800 ரூபாய் கண்ணாடிக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க

ஈரோடு பக்கத்துல இருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. அடையாளம் எல்லாம் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சொல்றேன். வயசு 46. வீட்டுலயே தையல், பெரும்பாலும் ஜாக்கெட், ஜூன் மாசம் வந்தா ஸ்கூல் யூனிஃபார்ம். சின்ன வயசுல இருந்தே தூரப்பார்வைக்கு கண்ணாடி, மூணு வருஷம் முன்னாடி மாத்தினப்போ ரெண்டு கண்ணுக்கும் மைனஸ் 2. இப்ப ரெண்டு மாசமா பஸ் போர்டு மங்கலா இருக்கு, அதோட கண்ணாடி போட்டுக்கிட்டு ஊசில நூல் கோர்க்க வரல, கழட்டினா வருது, இது என்ன கூத்துன்னு கேக்கறாங்க. மூணு வாரம் முன்னாடி வேற எதுக்கோ ரத்தம் குடுத்தப்போ சுகர் 310னு வந்து மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க.

போன வாரம் ஒரு கண் ஆஸ்பத்திரில காட்டி சீட்டு வாங்கினாங்க. ரெண்டு நாள் கழிச்சு ஒரு கண்ணாடிக் கடைல ஃப்ரீ டெஸ்ட், அங்க ஒரு சீட்டு. ரெண்டுலயும் நம்பர் வேற வேற. கடைல ப்ரோக்ரசிவ் லென்ஸ் (கோடு இல்லாம ஒரே லென்ஸ்ல தூரம், கிட்ட எல்லாம் பாக்கறது), 1.67 தின், ப்ளூ கட், வெயில்ல கறுக்கற டைப்னு எல்லாத்தையும் சேத்து, ஃப்ரேம் 5,200, லென்ஸ் 11,600, ஆக 16,800 ரூபாய்னு சொல்லி 4,000 அட்வான்ஸும் வாங்கிட்டாங்க. ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ, அதை ஒன்பதாவது படிக்கற பொண்ணுக்கு போட்டுக்கலாம்னு பேச்சு. வீட்டுக்காரர் இதைக் கேட்டுட்டு "பிளாட்ஃபாரத்துல 150 ரூபாய்க்கு கிடைக்கறதுக்கு எதுக்கு இவ்வளவு"ன்னு சத்தம். யார் சொல்றது சரி, அட்வான்ஸ் திரும்ப வருமா, கண்ணைக் கழட்டி கழட்டித் தைச்சா கெட்டுப் போயிடுமா, இதுதான் கேள்வி. (கண்ணைக் கழட்டினு அவங்கதான் எழுதியிருக்காங்க, கண்ணாடியைத்தான், ஆனா எனக்கு அந்த வரி பிடிச்சிருந்துச்சு.)

சகோதரி, நான் ஆப்டோமெட்ரிஸ்ட், கண்ணு டெஸ்ட் பண்ணி பவர் எழுதறவன். மொத நாலு வருஷம் கண்ணாடிக் கடை, அப்புறம் ஆஸ்பத்திரி. கவுன்ட்டருக்கு ரெண்டு பக்கமும் நின்னிருக்கேன், அதனால கடைக்காரரை முழுசா திட்டவும் மாட்டேன், முழுசா நம்பச் சொல்லவும் மாட்டேன்.

ரெண்டு சீட்டும் ஒண்ணுதான்

முதல்ல இதை முடிச்சுடலாம், ஏன்னா லெட்டர்ல பாதி கோவம் இங்கதான் இருக்கு. வலது கண்ணுக்கு ஆஸ்பத்திரி சீட்டுல மைனஸ் 3.00, சிலிண்டர் பிளஸ் 0.50, ஆக்ஸிஸ் 180. கடைச் சீட்டுல மைனஸ் 2.50, சிலிண்டர் மைனஸ் 0.50, ஆக்ஸிஸ் 90. (சிலிண்டர்ங்கறது ஒரு திசைல மட்டும் சேக்கற பவர், ஆக்ஸிஸ்ங்கறது அது நிக்கற கோணம்.) இடது கண்ணுக்கு ரெண்டு பேருமே மைனஸ் 2.75தான் எழுதியிருக்காங்க. "ஒருத்தர் மூணுங்கறார், ஒருத்தர் ரெண்டரைங்கறார், யாரோ ஏமாத்தறாங்க"ன்னு எழுதியிருக்கீங்க.

யாரும் ஏமாத்தல. பேப்பர் எடுத்து கணக்கு போடுங்க. மைனஸ் 3ஓட அந்த பிளஸ் அரையைக் கூட்டுங்க, மைனஸ் 2.50 ஆச்சா. சிலிண்டரோட குறியை மாத்துங்க, மைனஸ் அரை. ஆக்ஸிஸ் 180ல 90 போனா 90. கடைச் சீட்டு அப்படியே வந்துடுச்சு பாருங்க. ஒரே லென்ஸை ரெண்டு விதமா எழுதற முறை இது, டாக்டர்கள் சில பேர் பிளஸ் சிலிண்டர்ல எழுதுவாங்க, எங்க ஆளுங்களும் கடைக்காரங்களும் பெரும்பாலும் மைனஸ் சிலிண்டர்ல எழுதுவோம். அரை மீட்டரை ஒருத்தர் 50 சென்டிமீட்டர்னும் இன்னொருத்தர் 500 மில்லிமீட்டர்னும் எழுதினா துணி கூடவா செய்யும், அந்த மாதிரிதான். ரெண்டு எடத்துல தனித்தனியா பாத்தும் ஒரே பவர் வந்திருக்குன்னா டெஸ்ட் ஒழுங்கா நடந்திருக்குன்னு அர்த்தம். கடைப் பையன் மேல அந்த விஷயத்துல கோவப்படாதீங்க.

ஒண்ணு மட்டும். மெஷின்ல மோவாயை வெச்சு, நீளமா ஒரு ரோடு, கடைசில ஒரு பலூன் தெரியுமே, அதை மட்டும் பாத்து அந்த துண்டுச் சீட்டை அப்படியே காப்பி பண்ணி கண்ணாடி போடற எடமும் இருக்கு. அது ஆரம்பம்தான். அதுக்கப்புறம் எழுத்து போர்டைப் பாக்க வெச்சு, "இது தெளிவா, இது தெளிவா"ன்னு லென்ஸ் மாத்தி மாத்திக் கேட்டு முடிச்சாத்தான் பவர். உங்களுக்கு ரெண்டு எடத்துலயும் கேட்டிருக்காங்கன்னு எழுதியிருக்கீங்க, நல்லது.

ஆனா அந்த பவரே நிக்குமான்னு தெரியாது

இங்கதான் நான் உங்களை நிறுத்தப் போறேன். மூணு வருஷமா மைனஸ் 2ல இருந்த கண்ணு 46 வயசுல திடீர்னு ரெண்டே மாசத்துல அரை, முக்கால் ஏறறது வழக்கமில்ல. அந்த ரெண்டு மாசத்துல உங்க உடம்புல வேற என்ன நடந்துச்சுன்னு பாருங்க. சுகர். ரத்தத்துல சுகர் அதிகமா இருக்கும்போது கண்ணுக்குள்ள இருக்கற இயற்கையான லென்ஸும் மாறும், பவர் பொதுவா மைனஸ் பக்கம் ஏறும். மாத்திரை ஆரம்பிச்சு சுகர் இறங்கும்போது பவரும் திரும்ப ஆடும், சில பேருக்கு கொஞ்ச நாள் பிளஸ் பக்கம்கூட போகும். எங்க ஓ.பி.ல இதை வாராவாரம் பாக்கறோம், புதுசா கண்ணாடி போட்டுட்டு ஒரு மாசத்துல "தலை சுத்துது, கண்ணாடி சரியில்ல"ன்னு வருவாங்க, கேட்டா சுகர் 300ல இருந்தப்போ எடுத்த பவரா இருக்கும். கண்ணாடி சரிதான், அது போன மாசத்துக் கண்ணுக்குப் போட்ட கண்ணாடி.

அதனால சுகர் ஒரு நிலைக்கு வந்து நாலுல இருந்து ஆறு வாரமாவது ஆகட்டும். அப்புறம் ஒரு தடவை பவர் பாருங்க, ரெண்டு வாரம் விட்டு இன்னொரு தடவை பாருங்க, ரெண்டும் ஒத்துப் போச்சுன்னா கண்ணாடி ஆர்டர் பண்ணுங்க. அதுவரைக்கும் பழைய மைனஸ் 2 போதும், பஸ் போர்டு கிட்ட வந்தாத்தான் தெரியும், பரவால்ல. ராத்திரில ஸ்கூட்டி மட்டும் வேண்டாம். சமாளிக்கவே முடியலன்னா பழைய ஃப்ரேம்லயே இப்பத்திய பவர்ல சாதா லென்ஸ் மாட்டிக்கோங்க, அது சில நூறு ரூபாயோட முடிஞ்சிடும், நாளைக்கு மாறினாலும் வலிக்காது.

இன்னொண்ணு, லெட்டர்ல இது இல்ல, அதான் கேக்கறேன். ஆஸ்பத்திரில கண்ணுல சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் உக்கார வெச்சு, கண் பாப்பா பெரிசான பிறகு உள்ளே விழித்திரை பாத்தாங்களா? இல்லன்னா அடுத்த தடவை போறப்ப கேட்டுப் பாத்துடுங்க. சுகர் கண்டுபிடிச்ச உடனே ஒரு தடவை, அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை கண்டிப்பா பாக்கணும். விழித்திரைல சுகர் பாதிப்பு ஆரம்பத்துல ஒரு தொந்தரவும் தராது, பார்வை மங்கறதுக்குள்ள பாதி தூரம் போயிருக்கும். ஃப்ரீ டெஸ்ட்ல இது பாக்க மாட்டாங்க. கண் அழுத்தமும் பெரும்பாலும் பாக்க மாட்டாங்க. எத்தனை ரூபாய்க்கு கண்ணாடி போட்டாலும் இதுக்கு பதில் ஆகாது.

கழுத்துல தொங்கற இன்ச் டேப்பை எடுங்க

கண்ணாடிக் கடைக்குள்ள போனா எல்லாரும் முதல்ல ஃப்ரேம் இருக்கற செவுத்துக்குத்தான் போவோம். நானும் அப்படித்தான். ஆனா முதல்ல முடிவு பண்ண வேண்டியது வேற, ஒரு நாள்ல எந்தெந்த தூரத்துல எத்தனை மணி நேரம் பாக்கறோம்ங்கறது. பாங்க்ல வேலை செய்யறவருக்கு நான் இதைப் புரிய வைக்க படாத பாடு படுவேன், உங்களுக்கு ஈஸி, டேப் கழுத்துலயே இருக்கு. மெஷின்ல எப்பவும் உக்கார்ற மாதிரி உக்காந்து ஊசிக்கும் கண்ணுக்கும் நடுவுல அளங்க, 15, 16 இன்ச் வரும். நூல் கோர்க்கறப்போ 10 இன்ச். வெட்டற மேஜைல குனிஞ்சு நின்னா 24 இன்ச் சுமார். அளவெடுக்க வர்றவங்க மூணடி. டிவி, ரோடு எல்லாம் தூரம். இதை ஒரு பேப்பர்ல எழுதி, பக்கத்துல எத்தனை மணி நேரம்னு போடுங்க. உங்க லெட்டரைப் பாத்தா மெஷின்லயே ஏழு மணி நேரம் போகுது.

இப்ப அந்தக் கூத்து. 40ஐ உங்க மைனஸ் பவரால வகுத்தா கண்ணாடி இல்லாம எத்தனை இன்ச் வரைக்கும் தெளிவா தெரியும்னு வந்துடும். 40ஐ ரெண்டரையால வகுங்க. 16. உங்க மெஷின் ஊசி இருக்கற எடம்! கண்ணாடி இல்லாமலே உங்க கண்ணு தையல் தூரத்துக்கு செட் ஆகி இருக்கு. கண்ணாடி போட்டா தூரம் சரியாகுது, ஆனா கிட்ட பாக்க உள்ளே இருக்கற லென்ஸ் வளைஞ்சு கொடுக்கணும், 40 வயசுக்கு மேல அது விறைச்சுப் போகும், அதான் வெள்ளெழுத்து. உங்களுக்கு வெள்ளெழுத்து வந்தாச்சு, ஆனா மைனஸ் பவர் அதை மறைச்சு வெச்சிருக்கு.

அதனால, கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு தைங்க. கண்ணு கெடாது. கழட்டினா பவர் ஏறும், போட்டாலும் ஏறும்னு ரெண்டு பக்கமும் சொல்லுவாங்க, உங்க வயசுல ரெண்டும் இல்ல. கழுத்துல ஒரு கயிறு மாட்டி தொங்க விட்டுக்கோங்க, டேப்போட சிக்கும், அது வேற பிரச்சினை. வெளிச்சம் மட்டும் நல்லா இருக்கட்டும், டியூப் லைட் முதுகுப் பக்கம் இருந்தா உங்க நிழலே துணி மேல விழும், இடது தோளுக்கு மேல இருந்து வர்ற மாதிரி ஒரு பல்பு மாட்டுங்க.

வெட்டற மேஜை 24 இன்ச்சுக்கு கண்ணாடி போட்டுக்கிட்டு இப்பத்திக்கு சமாளிக்கலாம், இன்னும் மூணு நாலு வருஷத்துல கஷ்டமாகும். ஆக இன்னைக்கு உங்களுக்கு வழி மூணு இருக்கு. தூரத்துக்கு மட்டும் ஒரு சாதா சிங்கிள் விஷன் கண்ணாடி, தைக்கறப்போ கழட்டிடறது. இதுதான் செலவு கம்மி. கழட்டி மாட்டறது தொல்லைன்னா டி பைபோகல், கீழே கோடு போட்ட கட்டம் இருக்குமே, அது. கிட்ட பாக்கற எடம் அகலமா, நிலையா இருக்கும், தையலுக்கு வசதி. கோடு வெளிய தெரியும், படி இறங்கும்போது கோட்டுக்குக் கீழ பாத்தா படி எகிறின மாதிரி தெரியும், வயசானவங்க கண்ணாடின்னு பொண்ணு கிண்டல் பண்ணும். மூணாவது, கடைல சொன்ன ப்ரோக்ரசிவ்.

ப்ரோக்ரசிவ் கெட்டது இல்ல. நான் இப்ப போட்டிருக்கறதே அதான். ஆனா அது எப்படி இருக்கும்னா, உடுக்கை மாதிரி. மேலே அகலம், அது தூரம். நடுவுல இடுப்பு ஒடுங்கி, அது கம்ப்யூட்டர் தூரம். கீழே மறுபடி கொஞ்சம் அகலம், அது கிட்ட. உடுக்கைக்கு ரெண்டு பக்கமும் மங்கல், எந்தக் கம்பெனி எவ்வளவு ரூபாய்க்கு செஞ்சாலும் அந்த மங்கல் இருக்கும், விலை கூடக் கூட அது ஓரத்துக்குத் தள்ளப்படும், இல்லாமப் போகாது. ஆபீஸ்ல உக்கார்றவருக்கு இது பொருந்தும். நீங்க ஒரு பாவாடைக்கு கீழ் மடிப்பு தைக்கறப்போ கண்ணு இடது கோடில இருந்து வலது கோடி வரைக்கும் ஓடுது, ஒவ்வொரு தடவையும் கண்ணுக்கு பதிலா கழுத்தைத் திருப்பணும். ஏழு மணி நேரம். என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

அதோட ப்ரோக்ரசிவ்ல அளவு முக்கியம். கருவிழி நடுவுல இருந்து மூக்கு நடுவுக்கு ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியா எத்தனை மில்லிமீட்டர், நீங்க தேர்ந்தெடுத்த ஃப்ரேமை மாட்டின பிறகு கருவிழி எந்த உயரத்துல நிக்குது, இதை ஃப்ரேம்ல பேனாவால புள்ளி வெச்சு எடுக்கணும். நான் கடைல இருந்த காலத்துல ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டருக்கு எடுத்தேன், ஃப்ரேம் மூக்குல சரியா உக்காராம கொஞ்சம் வழுக்கி இருந்துச்சு, அதை நான் கவனிக்கல, புள்ளி நாலு மில்லிமீட்டர் தப்பு. பாவம் மனுஷன் மூணு தடவை வந்தார், மூணு தடவையும் "பழகிடும் சார்"னு அனுப்பினேன். நாலாவது தடவை வர்றப்போ முழங்கால்ல கட்டு. அதுக்கப்புறம் நான் "பழகிடும்"ங்கற வார்த்தையை ரெண்டு வாரத்துக்கு மேல யாருக்கும் சொல்றதில்ல. உங்களுக்கு அந்த கடைல உயரம் அளந்தாங்களா? ஃப்ரேமை மாட்டாமலே அட்வான்ஸ் வாங்கியிருந்தா அவங்க இன்னும் அளக்கலன்னு அர்த்தம், அது இப்ப உங்களுக்கு நல்லதாப் போச்சு, கீழ சொல்றேன்.

அந்த 16,800ல என்னென்ன இருக்கு

1.67 தின் லென்ஸ். இந்த 1.67ங்கறது பவர் இல்ல, லென்ஸ் பொருள் வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கும்ங்கற நம்பர். அது கூடக் கூட லென்ஸ் மெலிசாகும், அது உண்மை, மைனஸ் 6, 7னு இருக்கறவங்களுக்கு பெரிய நிம்மதி. உங்க பவருக்கு, நடுத்தர ஃப்ரேம்ல, சாதா 1.50க்கும் 1.67க்கும் ஓரத்துல வித்தியாசம் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் வரும். அந்த அரை மில்லிமீட்டர் தேவையான்னு நீங்க முடிவு பண்ணுங்க. சின்ன ஃப்ரேமா எடுத்தாலே ஓரம் மெலிசாயிடும், அது ஃப்ரீ. ஃப்ரேம் காதுக் கம்பிக்கு உள்பக்கம் 52, 18, 140னு இருக்கும் பாருங்க, முதல் நம்பர் ஒரு பக்க லென்ஸோட அகலம், ரெண்டாவது மூக்குப் பாலம், மூணாவது கம்பி நீளம். இப்ப போட்டிருக்கற ஃப்ரேம் வசதியா இருந்தா அந்த நம்பரைப் பாத்துட்டுப் போங்க, அதே அளவுல தேடுங்க. அந்த ஃப்ரேமே நல்லா இருந்தா அதுலயே லென்ஸ் மட்டும் மாத்தலாம். கடைல இதை அவங்களா சொல்ல மாட்டாங்க, நானும் அங்க இருந்தப்போ சொன்னதில்ல.

ப்ளூ கட், அதாவது ஸ்கிரீன்ல இருந்து வர்ற நீல வெளிச்சத்தைத் தடுக்கும்னு விக்கற லென்ஸ். ஒரு சின்ன டார்ச், ஒரு அட்டை எடுத்து வந்து காட்டியிருப்பாங்களே? சாதா லென்ஸ் வழியா அடிச்சா அட்டைல நீலமா பொட்டு விழும், ப்ளூ கட் வழியா அடிச்சா விழாது. பாக்கறவங்க அசந்துடுவாங்க. அந்த டார்ச்ல பொதுவா வர்றது 405 நானோமீட்டர் ஊதா வெளிச்சம், போன் ஸ்கிரீன்ல இருந்து வர்ற நீலம் 450 பக்கம், லென்ஸ் தடுக்கறது பெரும்பாலும் முன்னதை, பின்னதை கொஞ்சம்தான். 2023ல காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேத்து பாத்தப்போ, கம்ப்யூட்டர் பாக்கறவங்களுக்கு கண் சோர்வு குறையறதுல சாதா லென்ஸைவிட இது உதவற மாதிரி தெரியலன்னு வந்துச்சு. இங்கிலாந்துல 2017ல இந்த லென்ஸைப் பத்தி மிகைப்படுத்தி விளம்பரம் பண்ணின ஒரு பெரிய கண்ணாடிக் கடைக்கு 40,000 பவுண்ட் அபராதமே போட்டாங்க. உங்களுக்கு இது இன்னொரு விதத்துலயும் வேண்டாம். லேசா ஒரு மஞ்சள் சாயல் இருக்கும், வெள்ளைத் துணிக்கு நூல் மேட்ச் பண்ணும்போது, கிளிப்பச்சையா ராமர் பச்சையான்னு பாக்கும்போது அது குறுக்க வரும். வாடிக்கையாளர் வெளிச்சத்துல பாத்துட்டு "கலர் சேரலையே"ன்னு சொன்னா யார்கிட்ட போய் சொல்லுவீங்க.

வெயில்ல கறுக்கறது. புற ஊதா பட்டாத்தான் கறுக்கும். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி விட்டா, காருக்குள்ள உக்காந்தா, அது புற ஊதாவை மறிச்சுடும், அதனால சரியா கறுக்காது. அதுலயும் சூடு அதிகமான எடத்துல கம்மியாத்தான் கறுக்கும், குளிர்ல நல்லா கறுக்கும். ஈரோட்டு சித்திரை வெயில்ல என்ன எதிர்பாக்கறதுன்னு சொல்லுங்க. நாள் முழுக்க வெளில அலையறவங்க வாங்கலாம், நீங்க வீட்டுக்குள்ள தைக்கறீங்க.

காசு போட வேண்டியது ஏ.ஆர். கோட்டிங்குக்கு, கடைல ஹெச்எம்சினும் சொல்லுவாங்க. எதிர்ல வர்ற வண்டி லைட் லென்ஸ்ல தெறிக்கறதைக் குறைக்கும், ராத்திரி வண்டி ஓட்டறவங்களுக்கு உண்மையா வித்தியாசம் தெரியும். அதுக்கு கொடுங்க.

அட்வான்ஸ் 4,000

நான் வக்கீல் இல்ல, எனக்குத் தெரிஞ்சவரைக்கும் சொல்றேன். லென்ஸை உங்க பவருக்கு ஆர்டர் பண்ணி ஃப்ரேமுக்கு வெட்டிட்டா அதை வேற யாருக்கும் விக்க முடியாது, மனசு மாறிடுச்சுன்னு காசைத் திருப்பிக் கேட்டா கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா அளவே எடுக்கலன்னா ஆர்டர் போயிருக்காது. அதனால இன்னைக்கே போன் பண்ணுங்க, பண்ணிட்டு அதையே வாட்ஸப்ல எழுத்துலயும் அனுப்புங்க: சுகர் இருக்கறதால பவர் மாறலாம், ஆர்டரை நிறுத்துங்க, ஒண்ணு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்க, இல்லன்னா ஆறு வாரம் கழிச்சு வேற கண்ணாடிக்கு வரவு வெச்சுக்கோங்க. சண்டை போடாம கேட்டா பெரும்பாலும் ரெண்டாவதுக்கு ஒத்துக்குவாங்க. நானா இருந்தா அதை ஏத்துக்குவேன்.

அவங்க கொடுத்தது "எஸ்டிமேட்"னு கைல எழுதின துண்டுச் சீட்டு, கீழே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"ன்னு அச்சடிச்சிருக்குன்னு சொல்றீங்க. அந்த வரியைப் பாத்து பயப்படாதீங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, பில் கொடுக்காம இருக்கறதும், குறையுள்ள பொருளை பில்லுல போட்ட கெடுவுக்குள்ள, கெடு போடலன்னா 30 நாளுக்குள்ள, திரும்ப எடுத்துக்க மாட்டேன்னு சொல்றதும் முறையற்ற வணிகம்னே எழுதியிருக்கு. பவர் தப்பா வந்தா, உயரம் தப்பா வந்தா, அது குறை. பிடிக்கலங்கறது குறை இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம். ரொம்ப இழுத்தடிச்சா 1915க்கு போன் பண்ணலாம், தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்த தடவை வாங்கறப்போ பில்லுல பவர், கண் இடைவெளி, லென்ஸ் பேர், 1.50ஆ 1.67ஆ, என்ன கோட்டிங்னு எல்லாம் எழுதச் சொல்லுங்க. பவர் கண்ணாடிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22ல இருந்து 5 சதவீதம், அதையும் ஒரு பார்வை பாத்துக்கோங்க.

பொண்ணுக்கு அந்த ஃப்ரீ கண்ணாடி

வேண்டாம்னு சொல்லல, ஆனா வரிசை தலைகீழா இருக்கு. போர்டு தெரியலன்னு பொண்ணு சொல்லுதுன்னா முதல்ல கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய், சொட்டு மருந்து விட்டு பவர் பாக்கணும். பிள்ளைங்க கண்ணு தானா இறுக்கிப் பிடிச்சு இல்லாத மைனஸைக் காட்டும், மருந்து விட்டாத்தான் உண்மைப் பவர் வரும். அதுக்கப்புறம் கண்ணாடி. ஃப்ரீயா வர்றது பொதுவா சாதா லென்ஸ், ஓடி ஆடற பிள்ளைக்கு சுலபத்துல உடையாத பாலிகார்பனேட் நல்லது, அதுக்கு கூடுதல் கேப்பாங்க, ஃப்ரீங்கறது அங்கயே பாதி கரைஞ்சிடும். பொண்ணு கவர்மென்ட் ஸ்கூல்னு எழுதியிருக்கீங்க. ஸ்கூல்லயே கண் பரிசோதனை பண்ணி இலவசமா கண்ணாடி கொடுக்கற திட்டம் இருக்கு, நம்ம ஊர்ல கண்ணொளி காப்போம்னு பேரு, கிளாஸ் டீச்சர்கிட்ட கேளுங்க. அந்த ஃப்ரேம் பொண்ணுக்குப் பிடிக்காம பைக்குள்ளயே வெச்சிருக்கும், அதுவும் எனக்குத் தெரியும், பிடிச்ச ஃப்ரேம் ஒண்ணு நீங்க வாங்கிக் கொடுங்க, மிச்சப்படுத்தின காசுல இருந்து.

ஆன்லைன்ல வாங்கலாமான்னு ஒரு வரி கேட்டிருந்தீங்க. சாதா சிங்கிள் விஷன்னா, பவர் கம்மின்னா, கண் இடைவெளி அளவு கைல இருந்தா தாராளமா. பைபோகல், ப்ரோக்ரசிவ் நேர்ல அளந்து போடறதுதான் நல்லது.

கண்ணாடி கைக்கு வந்த அன்னிக்கு

வாங்கிட்டு பைல போட்டுட்டு வந்துடாதீங்க. அங்கயே லென்ஸ் மீட்டர்னு ஒரு மெஷின் இருக்கும், அதுல வெச்சு பவரைக் காட்டச் சொல்லுங்க, சீட்டோட ஒத்துப் பாருங்க, பிளஸ் மைனஸ் சிலிண்டர் மாத்தற கணக்குதான் இப்ப உங்களுக்கே தெரியுமே. டியூப் லைட்டுக்குக் கீழ லென்ஸைச் சாய்ச்சுப் பாருங்க, ஏ.ஆர். கோட்டிங் இருந்தா லைட்டோட பிம்பம் மங்கலா பச்சையா தெரியும், இல்லன்னா பளிச்னு வெள்ளையா தெரியும். பிற்காலத்துல எப்பவாவது ப்ரோக்ரசிவ் வாங்கினா, லென்ஸ் மேல வாயால ஊதி ஆவி படிய விடுங்க, ரெண்டு பக்கமும் பொடிசா வட்டமோ குறியோ, கம்பெனி முத்திரையோ, ஆட் பவர் (கிட்ட பாக்கறதுக்காக கூட்டற பவர்) நம்பரோ ஒரு நொடி தெரிஞ்சு மறையும். பில்லுல எழுதின கம்பெனிதானான்னு அங்க பாத்துக்கலாம். அப்புறம் மாட்டிக்கிட்டு கடை வாசல் படி ரெண்டு ஏறி இறங்குங்க. உங்க ஊசியும் நூலும் எடுத்துட்டுப் போயிருந்தா கவுன்ட்டர்லயே கோர்த்துப் பாருங்க, சிரிச்சா சிரிக்கட்டும்.

வீட்டுக்காரர் சொன்ன 150 ரூபாய் கண்ணாடி பாக்கி. அது அவருக்கு சரி, உங்களுக்கு ஆகாது. அது ரெண்டு கண்ணுக்கும் ஒரே அளவு பிளஸ் பவர், தூரப்பார்வை நல்லா இருந்து கிட்ட மட்டும் தெரியாதவங்களுக்கு பேப்பர் படிக்கப் போதும். ஏற்கனவே மைனஸ் ரெண்டரை இருக்கற கண்ணு மேல அந்த மாதிரி ஒரு பிளஸ் ஒன்றரையைப் போட்டா 10 இன்ச்சுக்கு அந்தாண்ட எதுவும் தெரியாது, நீங்க ஒரு நாள் போட்டுப் பாத்து தலைவலி வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அதான் காரணம். ஆனா அவருக்கு 52 வயசு, இன்னைக்கு வரைக்கும் கண் டாக்டர்கிட்டயே போனதில்லன்னும் எழுதியிருக்கீங்க. விழித்திரை பாக்க நீங்க போற அன்னிக்கு அவரையும் கூட்டிட்டுப் போய் கண் அழுத்தம் பாத்துட்டு வந்துடுங்க. எப்படியும் சொட்டு மருந்து விட்டா நாலஞ்சு மணி நேரம் உங்களால வண்டி ஓட்ட முடியாது, திரும்பி வர ஒரு ஆள் வேணும்.